படைத்தளபதியின் மகள்

பொகீமிய நாட்டின் பழம்பெரு நகராகிய பிராகில், கின்ஸ்கி என்னும் பெருங்குடியினரின் மாளிகையில், 1843ஆம் ஆண்டு சூன் திங்கள் 9ஆம் நாள் ஒரு பெண்மகவு பிறந்தது. தந்தையார் ஆஸ்திரியப் பேரரசின் படைத்தளபதியருள் ஒருவர். அகவை எழுபத்தைந்து ஆகியிருந்த அம்முதியவர் மகளின் முகம் காணுமுன்னரே மறைந்துவிட்டார். தாயார் அவரினும் மிக இளையவர், குடிப்பெருமையிற் குறைந்தவர், வாளையே மணமகளாக விளித்துப் பாடிவிட்டு 1813இல் போர்க்களத்தில் மாண்ட செருமானிய இளங்கவிஞர் தியோடோர் கோர்னரின் உறவினர். வாளேந்தியவரும் வாளைப் பாடியவருமாக இருபுறமும் அமைந்த இக்குடியிற் பிறந்த பெர்த்தாவே, பின்னாளில் பெர்த்தா ஃபொன் சுட்னர் என்னும் பெயரால், படைக்கலங்களைக் கீழே வைக்குமாறு ஐரோப்பாவின் மன்னர்களையும் மக்களையும் கேட்டு நின்றார்.

அவருடைய இளமைக் காலத்தில் இதற்கான அறிகுறி ஒன்றும் தென்படவில்லை. பிரெஞ்சு, ஆங்கிலம், இத்தாலியம் ஆகிய மொழிகளைக் கற்றார், இசை பயின்றார், பாடகியாக விரும்பினார், அரங்கேறும் துணிவு வாராமையால் அவ்விருப்பத்தைக் கைவிட்டார். தாயார் சூதாட்ட மனைகளில் குடும்பச் செல்வத்தைக் கரைத்தார். தாய்வழிக் குடி தாழ்ந்தது என்பதனால் வியன்னாவின் உயர்குடியினர் பெர்த்தாவைத் தம்முள் ஒருவராக ஏற்கவில்லை. மணப்பேச்சுகள் சில எழுந்து முறிந்தன. 1859இல் இத்தாலிய மண்ணிலும், 1866இல் தாம் பிறந்த பொகீமியாவிலேயும் பல்லாயிரவர் மடிந்தபோது, அப்போர்கள் தம் உள்ளத்தைத் தொடாமலே கடந்து போயின என்பதை அம்மையார் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் மறைக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். தம் அறியாமையை இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்த சீர்திருத்தவாதிகள் மிகச் சிலரே.

செல்வம் கரைந்தபின், 1873இல், முப்பதாம் அகவையில், வியன்னாவின் சுட்னர் பிரபுவின் இல்லத்தில் அவருடைய பெண்மக்கள் நால்வர்க்கும் ஆசிரியையாக அமர்ந்தார். அக்குடும்பத்தின் இளைய மகன் ஆர்தர் அவரினும் ஏழாண்டு இளையவர். இருவர்க்கும் காதல் அரும்பியது. ஆர்தரின் தாயார் அறிந்தார். ஆசிரியை வெளியேற நேர்ந்தது. பாரிசில் வாழும் செல்வர் ஒருவர், பன்மொழி அறிந்த பெண்மணியைச் செயலாளராகத் தேடுவதாக நாளிதழில் வந்த விளம்பரத்தை அந்தத் தாயாரே எடுத்துக் காட்டினார். விளம்பரம் செய்தவர் டைனமைட்டைக் கண்டறிந்த ஆல்பிரட் நோபல். 1876இல் பாரிஸ் சென்ற பெர்த்தா ஏறத்தாழ ஒரு கிழமையே அங்கிருந்தார். நோபல் சுவீடனுக்குப் போயிருந்த வேளையில், பரம்பரை அணிகலன் ஒன்றை விற்று வழிச்செலவுக்குப் பணம் திரட்டி வியன்னா திரும்பினார். சூன் 12ஆம் நாள் ஆர்தரை மறைவாக மணந்தார். நோபலின் நட்பு மட்டும் கடிதங்களின் வாயிலாக இருபது ஆண்டு நீடித்தது.

பெற்றோர் ஏற்காத அவ்விணையர் காக்கசு மலைநாட்டிலுள்ள ஜார்ஜியாவை அடைந்து ஒன்பதாண்டு வாழ்ந்தனர். மொழியும் இசையும் கற்பித்துக் கிடைத்த சிறுவருவாயே அவர்க்கு வாழ்வாயிற்று. 1877இல் உருசியாவும் துருக்கியும் போர் தொடங்கியபோது ஆர்தர் வியன்னா இதழ்களுக்குச் செய்திக் கட்டுரைகள் எழுதினார். அவற்றுக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு பெர்த்தாவும் புனைபெயரில் எழுதத் தொடங்கினார். வறுமையே அவரை எழுத்தாளராக்கியது எனலாம்.

1885இல் ஆர்தர் குடும்பத்தார் மனம் மாறவே, இருவரும் ஹார்மன்ஸ்டார்ப் மாளிகைக்குத் திரும்பினர். 1886ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பாரிஸ் சென்றபோது, ஹாட்சன் பிராட் என்பவர் நிறுவிய அமைதிக் கழகம் ஒன்று லண்டனில் இயங்குவதையும், நாடுகளிடையே எழும் வழக்குகளை நடுவர் மன்றத்தின் முன் வைக்கவேண்டும் என்பதே அதன் கோட்பாடு என்பதையும் முதன்முறையாக அறிந்தார். அகவை நாற்பத்துமூன்று ஆகியிருந்த அம்மையாரின் எஞ்சிய வாழ்வனைத்தும் இச்செய்தியிலிருந்தே புறப்பட்டது. அக்கழகத்திற்குத் தம்மால் இயன்ற பணி ஒரு கதை எழுதுவதே எனத் துணிந்தார்.

படைமருத்துவர்களின் அறிக்கைகளையும் செஞ்சிலுவைச் சங்க ஆவணங்களையும் படித்து, போர்முனை கண்டவர்களைக் கேட்டறிந்து எழுதப்பெற்ற அப்புதினம், படைக்கலங்களைக் கீழே வையுங்கள் எனப் பொருள்படும் பெயருடன் 1889இல் வெளிவந்தது. அதற்கு முன் இதழாசிரியர்கள் பலர் அதனைத் திருப்பி அனுப்பினர். பதிப்பாளரும் அஞ்சினார், கடுமையான பகுதிகளை நீக்கவும் பெயரை மாற்றவும் கேட்டார். அம்மையார் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்கவில்லை.

நம் புறப்பொருள் இலக்கணத்தில் மூதின்முல்லை என ஒரு துறை உண்டு. மறக்குடி மகளிர்க்கும் மறம் மிகுதி எனச் சிறப்பித்துரைப்பது அது. புதினத்தின் தலைவி மார்த்தா அத்துறைக்குரியவளாகவே அறிமுகமாகிறாள். தளபதியின் மகளாகிய அவள் ஆணாகப் பிறந்து புகழ்பெற இயலவில்லையே என ஏங்குகிறாள். 1859ஆம் ஆண்டுப் போரில் முதற்கணவன் மடிகிறான். 1866இல் இரண்டாம் கணவனைத் தேடிப் பொகீமியப் போர்க்களங்களினூடே அலைகிறாள். களத்தில் வீழ்ந்தோரை எடுப்பாரின்றி விட்ட நிலையை அங்குக் காண்கிறாள். படைகள் கொணர்ந்த வாந்திபேதி நோய் அவள் தங்கையரைக் கொள்ளைகொள்கிறது. வாழ்நாளெல்லாம் போரைப் போற்றிய தந்தை அதனைச் சபித்தபடியே உயிர்விடுகிறார். போர்கள் பலவற்றில் தப்பிய இரண்டாம் கணவனோ, பாரிசில் ஒற்றன் என ஐயுறப்பட்டுச் சுட்டுக் கொல்லப்படுகிறான். கலைநோக்கில் இப்புதினத்தைக் குறைகூற இடமுண்டு. உரையாடல்கள் நீள்கின்றன, மாந்தர் சிலர் கருத்துகளைச் சுமக்கும் தூண்களாகவே நிற்கின்றனர். எனினும் பொகீமியக் களத்தைக் காட்டும் பக்கங்களில் அறவுரை ஏதும் இல்லை. கண்டது மட்டுமே இருக்கிறது. நூல் வாழ்வது அப்பக்கங்களால்தான்.

1905ஆம் ஆண்டிற்குள் செருமானிய மொழியில் மட்டும் 37 பதிப்புகள் வந்தன. அடிமை முறையின் ஒழிப்புக்கு முன்னோடியாக ஒரு பெண்ணின் புதினம் அமைந்ததுபோல், போரின் ஒழிப்புக்கு இந்நூல் அமையட்டும் எனத் தால்சுதாய் அவர்க்கு மடல் எழுதினார். ஏளனமும் குறையவில்லை. கேலிச்சித்திரக்காரர்கள் அவரை விடவில்லை. ஃபெலிக்சு தான் என்னும் புகழ்பெற்ற செருமானியப் புலவர், பெண்கள் போர் பற்றிய பேச்சில் தலையிடலாகாது என எள்ளிப் பாடல் புனைந்தார்.

அம்மையாரை வெறும் இரக்கத்தின் குரலாகக் காண்பது அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகும். காயம்பட்டவர்க்கு மருந்திடுவதும், போரைச் சற்று மென்மையாக நடத்த விதிகள் வகுப்பதும் அவர்க்கு நிறைவு தரவில்லை. தனிமனிதர் இருவர் பூசலிட்டால் வழக்குமன்றம் செல்லவேண்டும் எனச் சட்டம் சொல்கிறது. அரசுகள் இரண்டு பூசலிட்டால் மட்டும் கொலை ஏன் வழக்காகவேண்டும் என்பதே அவர் கேள்வி. விடையாக, அரசுகளுக்கு மேலான ஒரு சட்டத்தையும் அதனை நடத்தும் மன்றத்தையும் வேண்டினார். 1891இல் ஆஸ்திரிய அமைதிக் கழகத்தை நிறுவினார். 1892இல் பெர்ன் நகரில் கூடிய உலக அமைதி மாநாட்டில், இத்தாலியரான மொனேத்தாவோடும் ஆங்கிலேயரான கேப்பரோடும் இணைந்து, ஐரோப்பிய நாடுகளின் கூட்டாட்சி ஒன்றுக்கான முன்மொழிவை வைத்தார். மன்னர்களின் உடன்படிக்கையைவிட மக்கள் தேர்ந்தெடுத்தோரின் கூட்டுறவே உறுதியானது என உணர்ந்து, 1889இல் தோன்றிய நாடாளுமன்றங்களிடை ஒன்றியத்தில் ஆஸ்திரிய உறுப்பினர்களைச் சேர்க்கப் பாடுபட்டார். இத்தனைக்கும் அந்நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அரசியற் சங்கங்களில் பெண்கள் சேரவும் சட்டம் தடைவிதித்திருந்தது. நாடாளுமன்றங்களின் ஒன்றியத்திற்கு ஆள் திரட்டிய பெண்மணி, தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் வாக்களிக்கும் உரிமை பெற்றாரில்லை.

பெர்ன் மாநாட்டிற்கு நோபல் தம்மை வெளிக்காட்டாமல் வந்து போனார். அழிவாற்றல் மிக்க கருவிகளே அச்சத்தால் போரை நிறுத்திவிடும். அம்மையாரின் மாநாடுகளுக்கு முன்னரே தம் தொழிற்சாலைகள் அதனைச் செய்துமுடிக்கும் என்பது அவர் எண்ணம். அம்மையார் அதனை ஏற்கவில்லை. ஆயினும் 1893ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அமைதிக்குப் பெரும்பணி செய்தோர்க்குத் தம் செல்வத்தில் ஒரு பகுதியைப் பரிசாக ஒதுக்கும் கருத்தை நோபல் அவர்க்கே முதலில் எழுதித் தெரிவித்தார்.

1899 மே 18ஆம் நாள் உருசியப் பேரரசரின் அழைப்பின்பேரில் ஹேக் நகரில் 26 அரசுகளின் பேராளர்கள் கூடினர். தொடக்க அமர்வில் இருந்த ஒரே பெண் பெர்த்தா அம்மையார். பேராளர் அல்லர், செய்தியாளராகவும் அமைதி இயக்கத்தின் முகமாகவும் வந்திருந்தார். தாம் தங்கிய விடுதியில் மாலைதோறும் அரசியலாரைக் கூட்டிப் பேசினார். படைக்குறைப்பு நடவாது போயிற்று. நிலையான நடுவர் மன்றம் ஒன்று பிறந்தது. ஆனால் அதன் முன் வழக்குக் கொணர எந்த அரசும் கட்டுப்படவில்லை. அவ்வாண்டு அக்டோபரிலேயே தென்னாப்பிரிக்காவில் போர் மூண்டது. இருப்பினும் வித்து முற்றும் வீணாகவில்லை. 1904இல் உருசியப் போர்க்கப்பல்கள் வடகடலில் ஆங்கிலேய மீனவர் படகுகளைச் சப்பானியப் படகுகள் எனப் பிழைபடக் கருதிச் சுட்டபோது, இரு பேரரசுகளும் ஹேக் உடன்பாட்டின்வழி விசாரணைக் குழுவை நாடின. உருசியா இழப்பீடு தந்தது.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஹேக் மன்றத்தில் உலகம் எனப்பட்டது பெரும்பாலும் ஐரோப்பாவே. ஆசியாவிலிருந்து சீனா, சப்பான், சயாம், பாரசீகம் போன்ற சில அரசுகளே அமர்ந்திருந்தன. இந்தியா உள்ளிட்ட அடிமை நாடுகளுக்கு இருக்கை இல்லை. உருசியப் பேரரசரின் சொல்லை அம்மையார் அளவுக்கு மீறி நம்பினார் என்பதும் உண்மை. மன்னர் மனம் மாறினால் வரலாறு மாறும் என்னும் உயர்குடி நம்பிக்கை அவரிடமிருந்து முழுமையாக அகலவில்லை.

1902 டிசம்பர் 10ஆம் நாள் ஆர்தர் மறைந்தார். ஆறாண்டுக்கு முன் நோபல் இறந்ததும் அதே நாளில்தான். ஹார்மன்ஸ்டார்ப் மாளிகை கடனில் போயிற்று. அம்மையார் வியன்னாவில் சிறு குடியிருப்பு ஒன்றில் தனித்து வாழ்ந்தார். 1905இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. அப்பரிசைப் பெற்ற முதற்பெண் அவரே. 1906 ஏப்ரலில் கிறிஸ்தியானியா நகரில் ஆற்றிய பேருரையில் நன்றி கூறியதோடு நிற்கவில்லை. நாடுகளிடையே நடுவர் உடன்படிக்கைகள். ஒருவரைத் தாக்கினால் அனைவரும் சேர்ந்து தடுக்கும் அரசுகளின் ஒன்றியம். மக்களின் பெயரால் சட்டத்தை நிலைநாட்டும் பன்னாட்டு மன்றம் என மூன்றனையும் வரிசைப்படுத்தி வேண்டினார். நாட்டுக்கூட்டமைப்பு தோன்ற அப்போது இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன.

1907இல் 44 அரசுகள் கூடிய இரண்டாம் ஹேக் மாநாடு போர்விதிகளை வகுப்பதிலேயே பெரும்பொழுதைச் செலவிட்டது கண்டு அம்மையார் மனம் நொந்தார். 1911இல் இத்தாலியர் லிபியாவில் வானூர்தியிலிருந்து குண்டு வீசினர். வானமும் கொலைக்களமாகப் போவதை எச்சரித்து மறு ஆண்டே சிறுநூல் எழுதினார். அகவை அறுபத்தொன்பதில் அமெரிக்க நாட்டின் மேற்குக் கரைவரை சென்று உரையாற்றித் திரும்பினார்.

1914 செப்டம்பரில் உலக அமைதி மாநாட்டை வியன்னாவிலேயே நடத்த ஏற்பாடாகியிருந்தது. டென்மார்க்கில் அவர் புதினம் திரைப்படமாக உருவாகி, அம்மாநாட்டில் காட்டப்படவிருந்தது. வயிற்றுப் புற்று அவரை வருத்திக்கொண்டிருந்தது. சூன் 21ஆம் நாள் உயிர் பிரிந்தது. ஏழாம் நாள் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். மாநாடு நடைபெறவில்லை, மாநாட்டுக்கு அழைக்கப்பட்டிருந்த நாடுகள் பல செப்டம்பரில் போர்முனையில் எதிரெதிர் நின்றன.

1945இல் ஐக்கிய நாடுகள் அவை அவருடைய மூன்று வேண்டுகோள்களையும் ஒருவகையில் எழுத்தில் ஏற்றது. ஆயினும் பாதுகாப்பு அவையில் ஐந்து வல்லரசுகள் தடுப்புரிமை பெற்றன; ஹேக் அமைதி மாளிகையில் அமர்ந்திருக்கும் பன்னாட்டு நீதிமன்றம், உடன்படாத அரசை வழக்குக்கு இழுக்க இயலாது. நாடாளுமன்றங்களின் ஒன்றியம் இன்றும் கூடுகிறது. சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்கு இல்லை.

ஆஸ்திரியா பின்னாளில் தன் ஆயிரம் சில்லிங் பணத்தாளில் அம்மையாரின் உருவத்தைப் பொறித்தது. அவர் உடலை எரியூட்ட அக்காலத்து ஆஸ்திரியாவில் எரிமனை இல்லை. எனவே விருப்பப்படியே செருமனியின் கோத்தா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு எரியூட்டப்பெற்றது. சாம்பல் தாழி அந்நகரத்து மண்டபத்திலேயே இருக்கிறது.