சட்டம் செய்த சுப்பராயன்

கரியாலூர் மலையிலிருந்து மேற்கே இறங்கினால் சேலத்துச் சீமை. அச்சீமையில், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தில், 1889ஆம் ஆண்டு ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர் டாக்டர் ப. சுப்பராயன். சென்னையிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றவர். மங்களூரில் ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்குப் பாடுபட்ட குத்முல் ரங்கராவின் மகள் ராதாபாயைச் சாதி கடந்து மணந்தார். சுதந்திர எண்ணத்தை அவர் மேடையில் மட்டும் வைத்திருக்கவில்லை என்பதற்கு அம்மணமே சான்று.

1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். அரசுப் பணிகளில் வகுப்புவாரி இடப்பங்கீடு நடைமுறைக்கு வந்ததும், கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் கொணர்ந்த முதற்சட்டம் நிறைவேறியதும் அக்காலத்தில்தான்.

ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்துவது, பதவியிழந்தபின் எழுதிய ஒரு மசோதாவே. தாழ்த்தப்பட்டோர் கோயிலுள் நுழைய வழிசெய்யும் அம்மசோதாவை 1932இல் முன்வைத்தார். 1933 ஜனவரியில் வைசிராய் அனுமதி மறுத்தார். மசோதா அவையேறாமலே முடிந்தது. சுப்பராயன் சோர்ந்தாரில்லை. காங்கிரசில் இணைந்து, 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் சட்டம், கல்வித் துறைகளை ஏற்றார். 1938இல் மலபார் ஆலயப் பிரவேசச் சட்டமும், மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவைத் தொடர்ந்து 1939இல் மாகாணத்திற்கான சட்டமும் அவ்வமைச்சரவையின் காலத்தில் நிறைவேறின. 1947இன் சட்டம் அவ்வுரிமையை மேலும் உறுதிசெய்தது.

அவர் வாழ்வில் ஒரு மறுவும் உண்டு. 1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானபோது கல்வியமைச்சர் அவரே. தமிழ் கற்பிக்கும் என்னால் அதனை எளிதில் கடந்துவிட இயலவில்லை. ஆனால் 1955இல் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தில், பெரும்பான்மையோர் இந்திக்கு விரைவாக மாறும் வழியை வகுத்தபோது, சுப்பராயனும் வங்க அறிஞர் சுநீதி குமார் சாட்டர்ஜியும் தனித்தனியே மாறுபட்ட கருத்தை எழுதிப் பதிந்தனர். தாம் முன்பு நடந்த வழியினின்று திரும்பும் துணிவு ஆட்சியாளரிடம் அரிது. மத்திய அமைச்சராகவும், பின்னர் மகாராஷ்டிர ஆளுநராகவும் விளங்கி, 1962 அக்டோபரில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டே, ஆங்கிலம் நீடிக்க இடமளிக்கும் ஆட்சிமொழிச் சட்டம் பிறந்தது.

இவ்வாறு, அவர் தோற்ற இரு களங்களிலும் காலம் அவர் பக்கம் சாய்ந்தது. சட்டத்தின் நெடிய காத்திருப்பை நம் மலையும் அறியும். இனாம் ஒழிப்புச் சட்டம் 1963இல் வந்தும், கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆளுகை 1976இல்தான் நீங்கியது. எழுத்து ஏட்டில் ஏறுவது ஒரு நாள். மலையேறுவது மற்றொரு நாள். அவ்விரு நாட்களுக்கும் இடையே தளராமல் நிற்பதே சட்டம் செய்வோர்க்கும், கவிதை செய்யும் நமக்கும் உரிய கடமை. பத்தாண்டு கண்ட நம் வட்டத்தார் சுப்பராயனை நினைக்க இதுவொன்றே போதிய காரணம்.