திபேத்து சென்ற தெசிதேரி அடிகளார்

பிற நாடு செல்வார்க்கு வேண்டுவன யாவை என வினவின், வழிச்செலவும் உடையும் உணவும் துணையுமே என்பர் பலர். இவை இன்றிப் பயணம் நடவாது என்பது மெய்யே. ஆயினும், சென்ற நாட்டு மக்களின் வழக்கங்களையும் வழிபாட்டு நெறிகளையும் அறிந்து, அவர் மனம் புண்படாவாறு ஒழுகும் பண்பு இல்லையேல், எத்துணைப் பொருளோடு சென்றவரும் வெறுங்கையராகவே மீள்வர். அப்பண்பின் இயல்பை நாம் உணர்தற்கு, ஏறத்தாழ 300 ஆண்டுகட்கு முன் திபேத்து நாட்டிற் புகுந்து வாழ்ந்த இத்தாலியத் துறவி ஒருவரின் வரலாறு பெரிதும் உதவும். அவரே இப்பொலித்தோ தெசிதேரி அடிகளார். அவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் பயணமும்

தெசிதேரியார் கி. பி. 1684-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இத்தாலி தேசத்துப் பிஸ்தோயா என்னும் நகரிற் பிறந்தார். 1700-ஆம் ஆண்டில், தமது பதினைந்தாம் வயதில், இயேசு சபையிற் சேர்ந்து உரோமாபுரியிற் கல்வி பயின்றார். திபேத்துக்குச் செல்லவேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1712-இல் உரோமாபுரியை விட்டு நீங்கி, அடுத்த ஆண்டு லிஸ்பன் துறைமுகத்திற் கப்பலேறி, 1713 செப்டம்பரிற் கோவா வந்து சேர்ந்தார். அங்கிருந்து சூரத்து வழியாக வடக்கே சென்று, தில்லி மாநகரில் மனுவேல் பிரெய்ரே என்னும் போர்த்துக்கீசியத் துறவியின் துணையைப் பெற்றார்.

இருவரும் லாகூர் வழியாகக் காஷ்மீரம் புகுந்து, சீநகரிற் குளிர்காலத்தைக் கழித்தனர். 1715 மே 17-ஆம் நாள் அங்கிருந்து புறப்பட்டு, பனி மூடிய கணவாய்களைக் கால்நடையாகக் கடந்து, ஜூன் இறுதியில் லடாக்கின் தலைநகராகிய லே நகரை எய்தினர். லடாக்கு மன்னர் அவர்களை அன்புடன் வரவேற்றார். அங்கேயே தங்கிப் பணியாற்றலாம் எனத் தெசிதேரியார் விரும்பினார். பிரெய்ரே அதற்கு இசையாமையால், இருவரும் கிழக்கு நோக்கி மேலும் நடந்தனர்.

மேற்குத் திபேத்தின் பெருவெளி மக்கள் வழக்கமற்ற பனிப்பாலை. தனியே செல்வார் பிழைத்தல் அரிது. அப்பகுதியை ஆண்டுவந்த மங்கோலிய அரசி ஒருவர், தம் கணவர் இறந்தபின் ஏற்றிருந்த பதவியினின்று நீங்கித் தம் படையுடன் லாசா நகருக்கு மீளுங் காலம் அது. முன்பின் அறியாத அவ்விரு துறவியரையும் அவ்வம்மையார் தம் கூட்டத்தோடு சேர்த்துக்கொண்டார். ஒருநாள் பிரெய்ரே பனியிற் பின்தங்கி வழி தவறியபோது, ஆட்களை அனுப்பித் தேடுவித்து அவர் உயிரைக் காத்தவரும் அவ்வம்மையாரே. நாம் போற்றும் திருக்கயிலை மலையையும் மானச வாவியையும் கடந்து சென்றது அப்பயணத்திலேதான். அவற்றைக் கண்டு குறித்துவைத்த முதல் ஐரோப்பியர் இவர்களே என்பர். 1716 மார்ச்சு 18-ஆம் நாள் இருவரும் லாசா நகரை அடைந்தனர். பிரெய்ரே சில வாரங்களுள் நேபாள வழியே இந்தியாவுக்குத் திரும்பினார். தெசிதேரியார் அந்நகரில் ஒரே ஐரோப்பியராய்த் தனித்து நின்றார்.

அவையிற் புகுந்த விருந்தினர்

அந்நாளில் திபேத்தை ஆண்டவர் லாசாங் கான் என்னும் மங்கோலிய அரசர். திபேத்தியரிடையே பெரியோரைக் காணச் செல்வோர் கத்தா எனப்படும் வெண்டுகிலை இரு கைகளாலும் ஏந்தி அளிப்பர். அஃதின்றிச் செய்யும் வணக்கம் நிறைவுறாது. கோயிலையும் தூபியையும் திருமந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய நெடுஞ்சுவரையும் வலமாகவே சுற்றுவர். திருநூலைத் தரையில் வைத்தலும், அதனைத் தாண்டிச் செல்லுதலும், திருவுருவின் முன் கால் நீட்டி அமர்தலும் பெரும் பிழையாகக் கருதுவர். விருந்தினர்க்கு வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீர் வார்த்துக் கிண்ணம் குறையக் குறைய நிரப்புவர். வலம் வருதலும் வணங்கிக் கொடுத்தலும் நமக்குப் புதியன அல்லவாதலின், இவற்றின் உட்பொருளை நாம் எளிதில் உணரலாம். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவர்க்கோ இவை யாவும் புதியன.

அவ்வாண்டு மே மாதத்தில் தெசிதேரியார் அரசரைக் கண்டார். தாம் வந்த காரணத்தை மறையாது கூறினார். தமது சமயத்தைக் கற்பிக்க வந்தவர் எனத் தெரிந்தும் அரசர் சினவாது, இல்லம் அமைத்து வாழவும் கற்பிக்கவும் இசைவளித்தார். விருந்தினர் உண்மை பேசினார். விருந்து புறந்தந்தவர் பெருந்தன்மை காட்டினார். இரண்டும் ஒருங்கே அமைந்த நிகழ்ச்சி அது.

பின்னர் அடிகளார் திபேத்திய மொழியைக் காலை முதல் மாலை வரை இடையறாது பயின்றார். ஓர் ஆண்டு நிறையுமுன்னரே அம்மொழியிற் கிறித்து சமயத்தை விளக்கி ஒரு நூல் இயற்றி, 1717 ஜனவரி 6-ஆம் நாள் அரசர் முன் வைத்தார். அரசர் அதனை ஆராய்ந்து கேட்டார். இரு சமயங்களின் அடிப்படைகளும் பெரிதும் மாறுபடுதலின், லாமாக்களோடு வாதம் புரிதற்கு முன் அவர்தம் நூல்களையும் அடிகளார் கற்றறிதல் வேண்டும் என அறிவுறுத்தினார்.

யாம் பெரிதும் வியக்கும் இடம் இதுவே. மறுக்க வந்தவரை நோக்கி, முதலிற் கற்றுவருக என்றார் அரசர். அதனை இழிவென எண்ணாது, அதுவே நேர்மை எனக் கொண்டார் அடிகளார். தாம் பயின்ற கல்வியை ஒருபுறம் வைத்துவிட்டு, முப்பத்திரண்டாம் வயதில் மீண்டும் மாணவராயினார்.

மடத்தில் மாணவர்

முதலில் லாசாவிலுள்ள ராமோச்சே கோயிலிற் சில திங்கள் பயின்றார். பின் 1717 ஆகஸ்டில் நகர்ப்புறத்திலுள்ள சேரா என்னும் பெருமடத்திற் சேர்ந்தார். ஆயிரக்கணக்கான துறவிகள் தங்கிக் கற்கும் அம்மடம் பெரியதொரு பல்கலைக்கழகத்தை ஒத்தது. அங்கே மாணாக்கர் முற்றத்திற் கூடி, ஒருவர் அமர்ந்து விடை கூற, மற்றொருவர் நின்று கைதட்டி வினா எழுப்பி வாதிப்பர். அடிகளார்க்கு அம்மடத்தில் உறைவிடம் தந்தனர். நூல்நிலையங்களைத் திறந்துவிட்டனர். வாதங்களைக் கேட்கவும் கலந்துகொள்ளவும் இசைந்தனர். அவர் தம் அறையிற் பீடம் அமைத்துத் தம் முறைப்படி வழிபடவும் தடை செய்யவில்லை. பௌத்த மடத்தினுள்ளே கிறித்தவ வழிபாடு நிகழ்ந்தது.

கஞ்சூர், தஞ்சூர் என்னும் திபேத்தியத் திருநூல் தொகுதிகளை அவர் ஆராய்ந்தார். சோங்காபா என்னும் பேராசிரியர் இயற்றிய நெறிநூலை ஆழ்ந்து கற்றார். சூனியம் என்னும் கோட்பாடு மட்டும் அவர்க்குப் பிடிபடவில்லை. ஆசிரியர் பலரை அணுகி வினவினார். விளக்க இயலாது எனச் சிலர் கைவிரித்தனர். வேறொருவராயின், பொருளற்ற கொள்கை என இகழ்ந்து ஒதுக்கியிருப்பர். அடிகளாரோ, பொருள் விளங்காமை தம் குறையே எனக் கொண்டு, அப்பகுதிகளை மீண்டும் மீண்டும் ஓதி, முடிவில் அதன் உட்கிடையை உணர்ந்தார்.

அவ்வுழைப்பின் பயனாகப் பழைய வதந்தி ஒன்றும் நீங்கிற்று. திபேத்தியர் சமயம் உருமாறிய கிறித்து சமயமே என ஐரோப்பியர் சிலர் நம்பியிருந்தனர். நூல்களைக் கற்ற தெசிதேரியார், அது தனியே தோன்றி வளர்ந்த நெறி எனத் தெளிந்தார். இன்னொருவர் சமயத்தை நம் சமயத்தின் நிழலாகக் காணாது, அதனை அதுவாகவே காண்டலும் மதிப்பின் ஒரு கூறன்றோ?

போரும் ஏட்டுப் பணியும்

இந்நிலையிற் பேரிடர் ஒன்று நேர்ந்தது. லாசாங் கான் வேற்றுச் சமயத்தாரிடம் பெருந்தன்மை காட்டியவராயினும், நாட்டு மக்களின் உள்ளத்தைப் புண்படுத்தியவர். 1706-ஆம் ஆண்டில் ஆறாம் தலாய் லாமாவைப் பதவியினின்று நீக்கினார். அவர் அவ்வாண்டிலேயே இறந்தார். அரசர் தாம் தேர்ந்த ஒருவரை அப்பீடத்தில் அமர்த்த, மக்கள் அவரை ஏற்கவில்லை. இக்குறையைத் தமக்கு வாய்ப்பாகக் கொண்டு, சுங்காரியர் என்னும் வடபுல மங்கோலியர் 1717-இற் படையெடுத்து, அவ்வாண்டின் இறுதியில் லாசாவைக் கைப்பற்றிக் கொள்ளையிட்டனர். அரசர் கொல்லப்பட்டார். நாட்டார் புனிதமெனப் போற்றுவதன்மேற் கைவைத்த அரசர்க்குப் படையும் அரணும் உதவவில்லை. படையும் பொருளுமற்ற விருந்தினரோ அம்மக்களிடையே பின்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

லாசாவை விட்டகன்ற அடிகளார், தக்போ என்னும் நாட்டுப்புறத்திற் கப்புச்சின் சபையாரின் மனையிற் பெரும்பாலும் தங்கி நூல்கள் எழுதலானார். அவற்றுட் சிறந்தது முற்பிறவியையும் சூனியத்தையும் பற்றியது. தம் கருத்தைத் தீர்ப்பாகக் கூறாது, திபேத்திய அறிஞர் முன் பணிந்து வைக்கும் வினாவாகவே அதனை அமைத்தார். வெண்டலை லாமா எனத் தம்மைக் குறித்தார். அந்நாட்டார் வழங்கும் வாத முறையையே கைக்கொண்டு, அவர் போற்றும் நூல்களையே சான்றாகக் காட்டினார்.

ஈண்டு ஓர் உண்மையை நாம் மறைத்தல் கூடாது. மறுபிறப்புக் கொள்கையை அவர் இறுதிவரை ஏற்கவில்லை. அதனை மறுத்தற்கே எழுதினார். தலாய் லாமா மீண்டும் பிறந்து வருகிறார் என்னும் நம்பிக்கையைப் பேயின் சூழ்ச்சி என்றும் எழுதியுள்ளார். இக்காலத்து நமக்கு அச்சொல் கடுமையாகவே தோன்றுகிறது. அதனை நாம் குறையென்றே கொள்வோம். ஆயினும் அவரே அந்நாட்டாரின் அறநெறியையும் இரக்கத்தையும் புகழ்ந்து எழுதினார். அவர்தம் எழுத்து, உடை, உணவு, மணம், இறுதிக்கடன் ஆகியவற்றைக் கதைகேட்டு எழுதாது கண்டு ஆராய்ந்து எழுதினார். உடன்படாத இடத்தும் உழைத்துக் கற்றமையே அவரது தனிச்சிறப்பு.

மீட்சியும் மறைவும்

திபேத்திற் பணிபுரியும் உரிமையை உரோமாபுரித் தலைமை 1703-ஆம் ஆண்டிலேயே கப்புச்சின் சபையார்க்கு அளித்திருந்தது. அதனால் அடிகளார் நாட்டை விட்டு நீங்க வேண்டும் என்னும் ஆணை 1721-இல் வந்தெய்தியது. அவர் மனம் நொந்தும் கீழ்ப்படிந்து, அவ்வாண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் லாசாவை விட்டுப் புறப்பட்டார். வேற்று நாட்டாரும் வேற்றுச் சமயத்தாரும் இடங்கொடுத்த ஊரினின்று அவரை வெளியேற்றியது சொந்தச் சமயத்தாரின் வழக்கே என்பது எண்ணத்தக்கது.

நேபாளம், பட்டணா, ஆக்கிரா, தில்லி ஆகிய இடங்களிற் சில ஆண்டுகள் கழித்து, 1726-இற் புதுச்சேரியை அடைந்தார். ஆங்குத் தமிழ் பயிலத் தொடங்கினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. அவர் சபையைச் சேர்ந்த இத்தாலியராகிய வீரமாமுனிவர் தமிழ்நாட்டில் வாழ்ந்த காலமும் அதுவே. வந்த நாட்டின் மொழியை வாயிற்படியாகக் கொண்டு உட்புகுதல் இருவர்க்கும் பொதுவாகிய நெறி. தெசிதேரியார்க்கோ தமிழகத்தில் நெடுங்காலம் தங்க வாய்க்கவில்லை. அருளானந்தர் எனத் தமிழர் போற்றும் ஜான் தெ பிரிட்டோவைப் பற்றிய சான்றுகளைச் சுமந்துகொண்டு, 1727 ஜனவரியிற் புதுச்சேரியிற் கப்பலேறினார்.

உரோமாபுரியில் திபேத்து உரிமை பற்றிய வழக்கு நீண்டது. 1732-இல் அவர் சபைக்கு எதிராகவே முடிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், நாற்பத்தெட்டாம் வயதில் அடிகளார் மறைந்தார். அவர் எழுதிய திபேத்து வரலாறு அச்சேறவில்லை. திபேத்திய மொழியில் இயற்றிய வினா நூலும், எவர்க்காக எழுதப்பட்டதோ அவர் கையிற் சேராது உரோமாபுரியின் ஏட்டறையிற் கிடந்தது. 1875-ஆம் ஆண்டில் அவரது வரலாற்றேடு ஒன்று கண்டெடுக்கப்பட்ட பின்னரே உலகம் அவரை அறியலாயிற்று. 1904-இல் அதன் பகுதிகள் அச்சாயின. திபேத்திய நூல்கள் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டு வருகின்றன. இன்று அறிஞர் அவரைத் திபேத்தியக் கல்வியின் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கின்றனர்.

முடிவுரை

தெசிதேரியார் தாம் எண்ணிச் சென்ற காரியத்தில் வெற்றி பெற்றாரல்லர். எனினும் அவர் வாழ்க்கை வீணாயிற்று எனக் கூற எம் நா எழவில்லை. வெண்டுகில் ஏந்தி நிற்றலும், வலமாகச் சுற்றுதலும், கால் மடக்கி அமர்தலும் ஒருநாளிற் கற்கக்கூடிய மரியாதைகள். அவற்றை ஒருவர் தவறாது செய்தல் வேண்டும். ஆயின் அவை வாயிலே. வீடு உள்ளே இருக்கிறது. அம்மக்கள் எதனைப் புனிதமெனப் போற்றுகின்றனர், ஏன் போற்றுகின்றனர் என்பதை அவர் மொழியிலேயே கேட்டறியும் பொறுமைதான் உண்மையான மரியாதை. அதற்கு நம் கொள்கையை நாம் கைவிட வேண்டுவதில்லை. நம் செருக்கை மட்டும் வாயிற்புறத்தே கழற்றிவைத்தல் வேண்டும்.

நம் மாணவ நண்பருட் பலர் கல்லூரியை விட்டு நீங்கியபின் பிற மாநிலங்களுக்கும் பிற நாடுகளுக்கும் செல்வர். ஆங்கே நகைப்பிற்கு இடமாகத் தோன்றும் வழக்கம் ஒன்றைக் காணும்போது, சேரா மடத்தின் ஏட்டின் முன் விளங்காத பொருளை மீண்டும் மீண்டும் ஓதிக்கொண்டிருந்த அவ்வெண்டலை லாமாவை நினைத்துக்கொள்வாராக. நகைப்பதற்கு முன் கற்க வேண்டுவது இன்னும் உளது என்பது அப்போது அவர்க்குப் புலனாகும்.