செனரத் மன்னன்: அகதிகளை நம்பிய கண்டியரசன்

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாற்றைப் பேசும் எவரும் செனரத் மன்னனின் பெயரைத் தவிர்க்க முடியாது. 1626இல் போர்த்துக்கீசர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவர்களுக்குக் கண்டி இராச்சியத்தில் இடம் கொடுத்தவர் அவர். ஆனால் அந்த மன்னர் தானே எத்தகைய நெருக்கடியில் இருந்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

செனரத் முதலில் ஒரு பௌத்த துறவி. உறவினரான முதலாம் விமலதர்மசூரியன் 1604இல் இறந்தபின் துறவைக் கைவிட்டு அரியணை ஏறினார். மன்னரின் விதவையான தோனா கத்தரினாவை மணந்தார். மேற்குக் கரை முழுவதும் அப்போது பறங்கியர் கையில். 1619இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது. கண்டிக்கு எஞ்சியது மலைநாடும், கடலுக்குச் செல்லக் கிழக்கே திருகோணமலை, மட்டக்களப்புத் துறைகளுமே.

சொந்தக் கடற்படை இல்லாத மன்னர் வெளியே துணை தேடினார். 1612இல் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தார். எதிர்பார்த்த உதவி வரவில்லை. அவர்களின் பிரதிநிதி போஷோவர் மன்னர் சார்பில் டென்மார்க் வரை சென்றார். 1620இல் டேனியக் கப்பல்கள் வந்தபோது போஷோவர் வழியிலேயே இறந்திருந்தார். மன்னரோ 1617இல் பறங்கியருடன் சமாதானம் செய்திருந்தார். டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொண்டனர்.

சமாதானமும் காப்பாற்றவில்லை. பறங்கியர் 1624இல் திருகோணமலையிலும் 1628இல் மட்டக்களப்பிலும் கோட்டை கட்டினர். கடல்வாசல்கள் இரண்டும் அடைபட்டன.

இந்த இரண்டு கோட்டைகளுக்கும் இடைப்பட்ட ஆண்டில்தான் அகதிகள் வந்தனர். அவர்களை ஏற்பது பறங்கியரின் பகையைக் கூட்டும் காரியம். ஆயினும் செனரத் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினார். இன்றைய அம்பாறைக் கரையும் அன்று அந்தப் பிரதேசமே. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிந்தது. இங்கு முன்பே வாழ்ந்த முஸ்லிம்களோடு வந்தவர்களும் கலந்தனர். உழுதார்கள், உப்பும் கருவாடும் தவள மாடுகளில் மலைநாட்டுக்கு ஏற்றினார்கள். கருணையாக மட்டும் இதைப் பார்ப்பது போதாது. கரையோரத்தில் தனக்கு விசுவாசமான குடிகள் இருப்பது நாட்டுக்கு அரண் என்பதை மன்னர் அறிந்திருக்க வேண்டும்.

1630இல் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பெரும்படையுடன் ஊவாவுக்குள் புகுந்து பதுளையை எரித்தார். திரும்பும் வழியில், ரந்தெனிவெலவில், அவர் படையிலிருந்த சிங்கள வீரர்கள் கண்டியின் பக்கம் மாறினர். த சா கொல்லப்பட்டார். அன்று கண்டியைக் காத்தது அந்நியக் கப்பல் அல்ல, மண்ணின் மக்களே.

1635இல் செனரத் இறந்தார். மகன் இரண்டாம் இராஜசிங்கன் மீண்டும் ஒல்லாந்தரை அழைத்தார். 1638இல் மட்டக்களப்புக் கோட்டை பறங்கியரிடமிருந்து வீழ்ந்தது. ஆனால் உதவிக்கு வந்தவர்கள் போகவில்லை. 1815இல் கண்டி ஆங்கிலேயரிடம் போனபோதும், மன்னரோடு முரண்பட்ட பிரதானிகளே அதற்கு வழிவிட்டனர்.

2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றது. வல்லரசுகளுக்கிடையே சமநிலை பேணுவது இன்றும் தேவைதான். ஆனால் தன் குடிகளில் ஒரு சாராரைச் சந்தேகத்தோடு நோக்கும் நாடு, வெளியாருக்குத் தானே வாசல் திறக்கிறது. காணியும் கண்ணியமும் பெற்றவர்கள் அந்த மண்ணைக் கைவிடுவதில்லை. நான்கு நூற்றாண்டாக இந்தக் கரையில் வாழும் நாமே அதற்குச் சாட்சி.