மேடம் சி. ஜே. வாக்கர்

மேடம் சி. ஜே. வாக்கர் (டிசம்பர் 23, 1867 – மே 25, 1919) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழில் முனைவோரும் கொடையாளரும் ஆவார். இவரது இயற்பெயர் சாரா பிரீட்லவ். தமக்கு ஏற்பட்ட தலைத்தோல் நோயையும் முடி உதிர்தலையும் போக்க வழி தேடிய இவர், பின்னர் ஆபிரிக்க அமெரிக்கப் பெண்களுக்கான பராமரிப்புப் பொருட்களைத் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். சொந்த உழைப்பால் மில்லியன் டொலர் ஈட்டிய முதல் அமெரிக்கப் பெண் எனக் கின்னஸ் உலக சாதனை நூல் இவரைக் குறிப்பிடுகின்றது.

இளமைக் காலம்

சாரா, லூசியானா மாநிலத்தில் உள்ள டெல்ட்டா என்னும் ஊருக்கு அருகே ஒரு பருத்தித் தோட்டத்தில் பிறந்தார். பெற்றோர் அத்தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுள் அடிமைத்தளை நீங்கிய பின்னர் பிறந்த முதற் குழந்தை இவரே. ஏழு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்து, தமக்கையின் குடும்பத்துடன் வாழ்ந்தார். 14ஆம் வயதில் மோசஸ் மக்வில்லியம்ஸ் என்பவரை மணந்தார். 1885இல் மகள் லீலியா பிறந்தார். 1887இல் கணவர் இறந்ததும், நாவிதர்களாகப் பணியாற்றிய தம் உடன்பிறந்தோர் வாழ்ந்த செயின்ட் லூயிசு நகருக்குச் சென்று, துணி வெளுக்கும் வேலை செய்து மகளைப் படிக்க வைத்தார்.

நோயும் மருந்தும்

1890களில் சாராவின் தலையில் கடும் பொடுகும் புண்ணும் உண்டாகி, முடி பெருமளவு உதிர்ந்தது. அக்காலத்தில் ஏழைப் பெண்கள் பலருக்கு இக்குறை இருந்தது. வீடுகளில் குழாய் நீர் இல்லாமையால் தலையை அடிக்கடி கழுவ இயலவில்லை. காரம் மிகுந்த சவர்க்காரங்களும் சத்துக் குறைந்த உணவும் நிலைமையை மோசமாக்கின.

முடியைப் பேணும் முறைகளை உடன்பிறந்தோரிடமிருந்து சாரா அறிந்துகொண்டார். பின்னர் ஆனி டர்ன்போ (பிற்காலத்தில் ஆனி மலோன்) என்னும் ஆபிரிக்க அமெரிக்கப் பெண் தொழிலதிபரின் தயாரிப்புகளை விற்கும் முகவரானார். 1905இல் டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1906இல் சார்ல்ஸ் ஜோசப் வாக்கரை மணந்து, மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் தமது சொந்தக் களிம்பை விற்கத் தொடங்கினார்.

அக்களிம்பின் முக்கியப் பொருட்கள் கந்தகமும் பெட்ரோலியக் கூழும் ஆகும். கந்தகம் தோலின் செதில்களை உரியச் செய்து, நுண்ணுயிர்ப் பெருக்கத்தைக் குறைக்க வல்லது. முகப்பருவுக்கும் இது பயன்படுகின்றது. சித்த மருத்துவத்திலும் தோல் நோய்களுக்குக் கந்தகம் கையாளப்படுகின்றது. எனவே மூலப்பொருள் புதியதன்று. தலையை ஒழுங்காகக் கழுவுதல், களிம்பிடுதல், சீவுதல் ஆகியவற்றை ஒரே முறையாக வகுத்து, அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததே வாக்கரின் பங்களிப்பு ஆகும்.

நிறுவனம்

1908இல் பிட்ஸ்பர்க் நகரில் மகளின் பெயரால் லீலியா கல்லூரி என்ற பயிற்சி நிலையத்தை நிறுவினார். 1910இல் தலைமையகத்தை இண்டியானாபொலிசுக்கு மாற்றி, அங்கு தொழிற்சாலை அமைத்தார். வெள்ளையர் வீடுகளில் சமையல், சலவை போன்ற வேலைகளே கிடைத்துவந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இவரிடம் பயின்று முகவர்களாகத் தனி வருவாய் பெற்றனர்.

1912இல் சிகாகோவில் நடந்த தேசிய நீக்ரோ வணிகக் கழக மாநாட்டில் இவருக்குப் பேச வாய்ப்பு அளிக்கப்படவில்லை. ஆயினும் இவர் அவையிலிருந்து எழுந்து தமது வரலாற்றைக் கூறினார். மறு ஆண்டு மாநாட்டில், கழகத்தின் தலைவர் புக்கர் டி. வாசிங்டன் இவரைச் சிறப்புப் பேச்சாளராக ஏற்றார்.

சர்ச்சைகள்

வாக்கர் தமது தயாரிப்பைப் பார்த்தே களிம்பைச் செய்தார் என மலோன் குற்றஞ்சாட்டினார். வாக்கரோ, அதன் செய்முறை தமக்குக் கனவில் கிடைத்தது என்று கூறிவந்தார். கந்தகக் களிம்புகள் இருவருக்கும் முன்பே வழக்கில் இருந்தவை. சுருள்முடியை நேராக்கிக் கறுப்பினப் பெண்களை வெள்ளையரைப் போல ஆக்க முயல்கிறார் என்ற கண்டனமும் எழுந்தது. தமது நோக்கம் தலைத்தோலைக் குணப்படுத்துவதே என இவர் மறுத்தார். சூடேற்றிய சீப்பை இவரே கண்டுபிடித்தார் என்ற பரவலான கருத்து தவறானது.

சமூகப் பணி

1917இல் பிலடெல்பியாவில் தம் முகவர்களின் மாநாட்டைக் கூட்டினார். அதிக விற்பனை செய்தோருக்கு மட்டுமன்றி, அறப்பணிக்கு அதிகம் வழங்கியோருக்கும் பரிசளித்தார். கறுப்பினத்தவர் கும்பல்களால் கொல்லப்படுவதை எதிர்த்து, அவ்வாண்டு வெள்ளை மாளிகைக்கு மனு அளிக்கச் சென்ற ஹார்லெம் குழுவில் இவரும் இடம்பெற்றார். 1919இல் இப்போராட்ட நிதிக்கு 5,000 டொலர் வழங்க முன்வந்தார்.

மறைவு

சிறுநீரகக் கோளாறும் உயர் இரத்த அழுத்தமும் காரணமாக 1919 மே 25 அன்று நியூயோர்க் மாநிலத்தின் இர்விங்டனில் உள்ள தமது மாளிகையில் 51ஆம் வயதில் காலமானார். நிறுவனத்தை மகள் ஏற்று நடத்தினார். அது 1981 வரை இயங்கியது. 1998இல் அமெரிக்க அஞ்சல் துறை இவரது உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.