தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

இங்கிலாந்தின் பேராலயங்களில் சிறுவரும் ஆடவரும் எதிரெதிர் வரிசைகளில் நின்று, பல குரல்களை ஒன்றாக இசைவித்துப் பாடுவர்; மக்கள் பெரும்பாலும் கேட்டிருப்பர். ஜெர்மானிய லூத்தரன் ஆலயங்களிலோ மக்கள் அனைவருமே பாடுவர். 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவர்வழி வந்தோரும் இந்த இரண்டாம் மரபையே தமிழகத்திற்குக் கொணர்ந்தனர். பாடற்பொருளைத் தமிழாக்கினர், மெட்டை மாற்றவில்லை. அதனால் குறில் நீண்டும் நெடில் குறுகியும் ஒலித்தன. தமிழ்ச்செவிக்கு அது இடறலாகவே இருந்தது.

இக்குறையைப் போக்கியவர் வேதநாயக சாஸ்திரியார். (பிரதாப முதலியார் சரித்திரம் இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறொருவர், இருவரையும் ஒருவராகக் கருதுதல் கூடாது.)

இவர் 1774ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம். சிறுவனின் கூரிய அறிவைக் கண்ட சுவார்ட்ஸ் ஐயர், பன்னிரண்டாம் வயதில் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பின்னாளில் அரியணை ஏறிய இளவரசர் சரபோஜியும் சுவார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்தவரே. இருவரிடையே அரும்பிய நட்பு இறுதிவரை நிலைத்தது. தரங்கம்பாடியில் இறையியலோடு வானியலும் உடற்கூற்றியலும் பயின்ற வேதநாயகர், இளமையிலேயே தஞ்சையில் பள்ளித் தலைமையாசிரியரானார்.

1800ஆம் ஆண்டு அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி வியப்புக்குரியது. குறவஞ்சி என்பது தலைவியின் காதலைக் குறத்தி குறியாகக் கூறும் நாடக இலக்கியம். கோயில்களிலும் அரசவைகளிலும் ஆடப்பட்டது. அவ்வடிவத்தைச் சிறிதும் சிதைக்காமல் கிறித்துவைத் தலைவராக்கினார். கதிரவனைக் கோள்கள் சுற்றிவரும் புதிய வானியலையும் அதனுள் அமைத்தார்! பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை வடிவில் அவர் இயற்றிய பாடல்களோ எண்ணற்றவை. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, எழுத்தறியாதவரும் பல்லவியைத் திரும்பப் பாடலாம். கூட்டத்தார் யாவரையும் பாடவைக்கும் எளிய வழி இதுவே.

எனினும், 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய குருமார் இவற்றை வழிபாட்டில் ஏற்கவில்லை. பழைய வேதமொழிபெயர்ப்பை மாற்றுவதையும், ஆலயத்தில் சாதிவாரியாக அமரும் வழக்கத்தை நீக்குவதையும் சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். இசையில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. சாதி வழக்கத்தைக் காத்து நின்றதில் நியாயம் இல்லை. இரு வழக்குகளையும் அவர் ஒன்றாகவே நடத்தினார் என்பதை மறைத்தல் தகாது. முடிவில் திருச்சபைப் பணியை இழந்தார்.

அப்போது கைகொடுத்தவர் பழைய நண்பரான சரபோஜி மன்னரே. அவர் சாஸ்திரியாரைத் தம் அவைக்களப் புலவராக ஆதரித்தார். தஞ்சைப் பெருவுடையார்மீது பாடுமாறு மன்னர் வேண்டியபோது, புலவர் பணிவுடன் மறுத்ததாகவும், அதனால் நட்பு குன்றவில்லை என்றும் கூறுவர்.

1832இல் மன்னர் மறைந்தார். அதன்பின் சாஸ்திரியார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1853ஆம் ஆண்டு, மதுரைப் பகுதியில் பணியாற்றிய எட்வர்ட் வெப் என்னும் அமெரிக்க ஊழியர், சபையார் பாடுவதற்கெனத் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அவற்றுள் பெரும்பாலானவை சாஸ்திரியார் இயற்றியவை. ஒருகாலத்தில் வாயிலில் நிறுத்தப்பட்ட பாடல்கள் இவ்வாறு ஆலயத்தினுள் நுழைந்தபோது, அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. 1864ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் தஞ்சையில் மறைந்தார்.