சங்கரதாஸ் சுவாமிகள்: குடும்ப வாழ்வும் பாலர் நாடக சபையும்

முன்னுரை

தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இயற்றிய நாடகங்களும் பாடல்களும் பல கோணங்களில் ஆராயப்பட்டுள்ளன. மணம் செய்துகொள்ளாது துறவுநெறியில் வாழ்ந்த அவருடைய கலை எவ்வழியே அடுத்த தலைமுறையை அடைந்தது என்னும் வினாவிற்கு அவர்தம் வாழ்க்கையிலேயே விடை உள்ளது. குருதி உறவின் இடத்தை ஆசிரியர் மாணவர் உறவு நிரப்பிய வகையினை இக்கட்டுரை விளக்குகிறது.

பிறப்பும் கல்வியும்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7ஆம் நாள் சுவாமிகள் பிறந்தார். தந்தையார் தாமோதரன் இராமாயணப் புலமையால் அறியப்பட்டவர். தொடக்கக் கல்வியைத் தந்தையிடமும், இலக்கண இலக்கியங்களைப் பழனி தண்டபாணி சுவாமிகளிடமும் கற்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருடைய உடன் மாணாக்கர். சிறிது காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றியபின், 24ஆம் வயதில் நாடகத் துறையை அடைந்தார்.

நடிகரும் ஆசிரியரும்

தொடக்கத்தில் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் அவர் நடித்தார். சனீசுவரன் வேடத்தில் அவரைக் கண்ட கருவுற்ற பெண் ஒருத்தி அஞ்சிக் கருச்சிதைவுற்றாள் என்றும், அந்நிகழ்வே அவர் வேடம் புனைவதைக் கைவிடக் காரணமாயிற்று என்றும் நாடக உலகில் வழிவழியாகக் கூறப்படுகிறது. பின்னர் தலயாத்திரை மேற்கொண்ட அவரைப் புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியாப் பிள்ளை தம் புதல்வராகவே ஏற்றுக்கொண்டார். பெற்றோர் வழி வாய்க்காத இசை, தாளப் பயிற்சி இவ்வளர்ப்பு உறவின் வழி அவருக்குக் கிட்டியது.

கம்பெனி வீடு

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவிய சுவாமிகள், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். வளர்ந்த நடிகர்கள் மேடையிலேயே உரையாடலை விருப்பம்போல் நீட்டியும் மாற்றியும் பேசுவது அக்காலத்தில் இயல்பாக இருந்தது. எழுதிய பாடத்தைப் பிசகாது பேச வேண்டும் என்று கருதிய ஆசிரியருக்குச் சிறுவர் குழுவே ஏற்ற களமாயிற்று. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் ஆகிய அனைத்து வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர்.

சிறுவர்களுக்குக் கம்பெனி வீடே உறைவிடமும் பள்ளியும் ஆயிற்று. பெண்வேட நடிகர் கண்ணுசாமிப் பிள்ளை தம் மைந்தர்கள் சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோருடன் இச்சபையில் சேர்ந்தபோது சண்முகத்தின் அகவை ஆறு. தமிழும் இசையும் உச்சரிப்புச் செம்மையும் அங்கே கற்பிக்கப்பட்டன. அதேவேளை, பெரும்பாலான சிறுவர்கள் பெற்றோரைப் பிரிந்து, இரவு நேரத் தொழிலில் ஈடுபட வேண்டியிருந்தது. பாய்ஸ் கம்பெனி மரபை மதிப்பிடும் ஆய்வு இவ்விரு பக்கங்களையும் ஒருங்கே கருதுதல் வேண்டும்.

இறுதிக் காலம்

இச்சிறுவர்களுக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். பின்னர் பக்கவாதம் அவரைத் தாக்கியது. பேச்சும் கை கால்களின் இயக்கமும் முடங்கின. சொற்களை ஒலிக்கக் கற்பித்தவர் பேச்சிழந்த நிலையில், அவருடைய சொற்கள் மாணவர் நாவில் மேடைதோறும் ஒலித்தன. சபையுடனேயே பயணம் செய்த சுவாமிகள் 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி உள்ளது.

முடிவுரை

சுவாமிகளின் மறைவுக்குப்பின் 1925இல் தி.க. சகோதரர்கள் தனிச்சபை தொடங்கினர். அவர்தம் வாழ்க்கைச் செய்திகள் பலவும் தி.க. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' வாயிலாகவே இன்று அறியக் கிடைக்கின்றன. மனப்பாடமே நாடகப் பாடத்தின் முதன்மைக் காப்பாக இருந்த காலத்தில், ஆசிரியரின் பனுவலையும் வரலாற்றையும் காத்தளித்தவர்கள் மாணவர்களே. ஆதலின் பாலர் சபையை ஒரு தொழில் நிறுவனமாக மட்டுமின்றி, சுவாமிகளின் கலைக்கு வாரிசுகளை உருவாக்கிய குடும்பமாகவும் கொள்வது பொருந்தும்.