கணிதப் பேராசான் மகாவீராசாரியர்

சமணச் சான்றோர் தமிழுக்கு இலக்கணமும் காப்பியமும் அறநூலும் வழங்கியதை நாம் பெருமையுடன் பேசுகிறோம். கணிதத் துறைக்கு அவர்கள் ஆற்றிய தொண்டும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. அத்தொண்டில் தலைநின்றவர் மகாவீராசாரியர்.

மானியகேடத்தைத் தலைநகராகக் கொண்ட இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் காலத்தில் வாழ்ந்த இவர், ஏறத்தாழ கி.பி. 850இல் 'கணிதசாரசங்கிரகம்' என்னும் வடமொழி நூலை இயற்றினார். வர்த்தமான மகாவீரரை வணங்கித் தொடங்கும் அந்நூல் ஒன்பது இயல்களை உடையது. எண்ணின் அடிப்படைச் செயல்கள், பின்னம், மூவெண் விதி, வட்டி, பரப்பளவு, குழியளவு, நிழற்கணக்கு ஆகியவை அதில் முறைப்பட அமைந்துள்ளன.

ஆரியபடரும் பிரமகுப்தரும் தம் வானியல் நூல்களுக்குள்ளேயே கணிதத்தைக் கூறினர். மகாவீராசாரியரோ கணிதத்திற்கென்றே தனிநூல் செய்தார். ஆயினும் அதனைப் பிற கலைகளினின்று பிரித்துவிடவில்லை. இசை, மருத்துவம், சமையல், சிற்பம், யாப்பு என அனைத்திலும் கணிதம் பயில்வதை நூலின் தொடக்கத்திலேயே விளக்கினார்.

அறுசுவைக் கணக்கு இதற்குத் தக்க சான்று. ஆறு சுவைகளைத் தனித்தனியே கொண்டால் 6 வகை, இரண்டிரண்டாகச் சேர்த்தால் 15, மும்மூன்றாக 20, நந்நான்காக 15, ஐயைந்தாக 6, ஆறும் கூடினால் 1, ஆக 63. இத்தகைய சேர்மானங்கள் அனைத்திற்கும் உரிய பொதுவிதியை அவர் வகுத்தளித்தார். வடமொழி யாப்பில் லகுவும் குருவும் ஓரடியில் அமையும் வகைகளை எண்ணுவதற்கும், இன்றைய நிகழ்தகவுக் கணக்கிற்கும் அவ்விதியே துணை செய்கிறது. அடுக்களையும் செய்யுளும் கணிதத்தில் ஒன்றுகூடுகின்றன.

எண்களின் அழகிலும் அவர் திளைத்தார். 152207ஐ 73ஆல் பெருக்கினால் 11111111 வரும். இத்தகைய பெருக்கங்களை அவர் மாலையாகவே கண்டார்.

எதிர் எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று அவர் தெளிவுறக் கூறினார். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் அத்தகைய மூலங்களையும் கற்பித்துக்கொண்டு முப்படிச் சமன்பாடுகளை ஆராய்ந்தபோது, கணிதத்தில் புதிய கிளையொன்று தோன்றியது. பூச்சியத்தால் வகுத்தால் எண் மாறாது என்ற அவரது கருத்தைப் பிற்காலத்தார் ஏற்கவில்லை. ஒருவர் நிறுத்திய இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்வதே அறிவின் மரபு.

11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். 1912இல் எம். ரங்காசாரியார் மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் பதிப்பித்தார். நம் தலைநகரில் அச்சேறிய அந்நூலை நம் இல்லத்துப் பிள்ளைகள் அறிதல் வேண்டும். கணக்கென்றால் அஞ்சும் குழந்தைக்கு அறுசுவைக் கணக்கை இன்றே சொல்லிக் கொடுப்போம். அதுவே அவ்வாசிரியருக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.